சவுண்டு எங்கே உடைகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பதிவை ஓட்டிப் பார்த்தால் குரல் கரகரக்கிறது. உடனே கை வால்யூம் பக்கம் போகும். குறைத்தால் கரகரப்பும் கூடவே சன்னமாகும், ஆனால் போகாது. மைக், அதன் சன்னமான சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப், அதை டிஜிட்டலாக்கிக் கணினிக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸ், மென்பொருள், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப், ஸ்பீக்கர் என்று ஒலி வரிசையாகப் பல கை மாறி வருகிறது. நடுவில் ஓரிடத்தில் உடைந்துவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் அந்த உடைந்த ஒலியைத்தான் சிரத்தையாகத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் எதையும் திருகுவதற்கு முன்னால், எந்த இடத்தில் உடைந்தது என்று பிடிக்க வேண்டும்.

அதற்கு முதலில் சங்கிலியை இரண்டாக வெட்டுங்கள். நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு இசையை அதே ஸ்பீக்கரில், அதே அளவு சத்தத்தில் ஓட்டுங்கள். அதுவும் கரகரத்தால் பிரச்சினை பதிவில் இல்லை; ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. அது சுத்தமாக இருந்தால், உங்கள் பதிவை ஹெட்ஃபோனில், குறைந்த சத்தத்தில் கேளுங்கள். அங்கேயும் கரகரப்பு இருந்தால் அது பதிவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் புது ஸ்பீக்கர் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கீழே உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

உரத்துப் பாடும் இடத்தில் மட்டும் உடைகிறது

பத்தில் எட்டுப் புகார் இதுதான். பெயர் கிளிப்பிங். ஒவ்வொரு மின்சுற்றுக்கும் அது தாங்கக்கூடிய உச்ச அளவு ஒன்று உண்டு. அலை அதைத் தாண்டப் பார்த்தால், தாண்டிய பகுதி கத்தரித்தது போல் தட்டையாகிவிடும். இப்படித் தட்டையான அலையில், பாடகர் பாடாத சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி மேலும் கீழும் ஒரே அளவில் தட்டையானால் 3,000, 5,000, 7,000 என்று ஒற்றைப்படை மடங்குகள் சேரும். காதுக்குக் கரகரப்பாகத் தெரிவது இவைதான்.

மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தனித்தனி அலை தெரியும் அளவுக்குப் போக வேண்டும். உச்சி தட்டையாக, சரியாக 0 டெசிபலில், அதாவது டிஜிட்டலின் உச்ச எல்லையில், நிற்கிறதா? டிஜிட்டலாக மாற்றும் இடத்திலேயே நிரம்பி வழிந்திருக்கிறது. உச்சி தட்டை, ஆனால் 0-வுக்குக் கீழே, -5 அல்லது -8 டெசிபலில் நிற்கிறதா? இதுதான் பலரைக் குழப்பும். மீட்டரில் சிவப்பே எரிந்திருக்காது. ஆனால் அதற்கு முன்னாலேயே, வெளி மிக்சரிலோ ப்ரீஆம்பிலோ, சில சமயம் மைக்கின் உள்ளேயே உடைந்து, பிறகு யாரோ ஃபேடரால் குறைத்து அனுப்பியிருக்கிறார்கள். மீட்டர் பச்சையாக இருப்பது அந்த ஒரு கட்டத்துக்கு மட்டுமான சான்றிதழ். முந்தின கட்டத்துக்கு அது பொறுப்பேற்காது.

சரிசெய்வது எளிது. பாடலின் ஆகச் சத்தமான வரியைப் பாடச் சொல்லி கெயினை, அதாவது ப்ரீஆம்ப் எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்ற அளவை, வையுங்கள். "சும்மா ஒரு வரி பாடுங்க" என்றால் யாரும் முழுக்குரலில் பாட மாட்டார்கள். டேக் (உண்மையான பதிவு) ஆரம்பித்ததும் ஐந்தாறு டெசிபல் ஏறிவிடும். அதனால் சோதனையில் உச்சம் -12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். சராசரி -18-ஐ ஒட்டி நின்றால் போதும். "இவ்வளவு குறைவாகப் பதிந்தால் தரம் போய்விடாதா" என்று கேட்பார்கள். 16 பிட்டில் பதிந்த காலத்து பயம் அது. 16 பிட்டின் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். 24 பிட்டில் கணக்குப்படி 144. எந்த ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலும் அதைவிட மேலே இருப்பதால், 24 பிட்டில் பத்துப் பன்னிரண்டு டெசிபல் இடம் விடுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

கெயினைக் குறைத்தும் தட்டை மாறவில்லையா? அப்படியானால் உடைவது ப்ரீஆம்புக்கும் முன்னால். கண்டென்சர் மைக்குக்குள்ளேயே ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. டிரம்முக்கோ கித்தார் ஆம்புக்கோ பக்கத்தில் வைத்தால் அதுவே திணறிவிடும். மைக்கில் -10 அல்லது -20 டெசிபல் பேட் சுவிட்ச் (சிக்னலை அவ்வளவு குறைத்து அனுப்பும் சுவிட்ச்) இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மைக்கைத் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறங்கும்.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு இந்தக் கவலையே இல்லை" என்பார்கள். பாதி உண்மை. கோப்பில் 0-வைத் தாண்டிப் பதிந்ததை பிறகு இறக்கிக்கொள்ளலாம். மைக்கின் உள்ளே உடைந்ததை எந்தக் கோப்பு வடிவமும் ஒட்டவைக்காது.

கெயினை முழுதாகக் குறைத்தும் உடைகிறது

கீபோர்டையோ மிக்சரின் வெளியீட்டையோ மைக் உள்ளீட்டில் செருகியிருக்கிறீர்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சாதாரண அளவுக்கு லைன் அளவு என்று பெயர். தொழில்முறைக் கருவிகளில் அது ஏறத்தாழ 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளில் 0.316 வோல்ட். மைக் ப்ரீஆம்பின் வாசலிலேயே அது முட்டிக்கொள்கிறது, குமிழைத் திருகிப் பயனில்லை. லைன் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். மூன்று முள் செருகியும் கால் அங்குல ஜாக்கும் ஒரே துளையில் போகும்படி உள்ள இன்டர்ஃபேஸ்களில், பெரும்பாலும் மூன்று முள் மைக் ப்ரீஆம்புக்கும் ஜாக் லைன் அல்லது இன்ஸ்ட்ருமென்ட் பக்கத்துக்கும் போகும். அதனால் கேபிளை மாற்றினாலே சரியாகிவிடுவது உண்டு. முன்பக்கம் "இன்ஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருந்தால் அது அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கித்தாருக்காக அமுக்கிவிட்டு மறந்திருப்பார்கள்.

நேற்று வரை நன்றாக இருந்த கித்தார் இன்று இழுத்து இழுத்துக் கரகரக்கிறது

பேட்டரி. ஆக்டிவ் பிக்கப் உள்ள கித்தாரிலும் பேஸிலும் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அது தீரும்போது ஒரேயடியாகச் சாகாது. வோல்டேஜ் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் சுற்றின் உச்ச எல்லையும் இறங்கிக்கொண்டே வரும். பலமாக மீட்டும் இடங்கள் முதலில் உடையும், பிறகு எல்லாமே உடையும். பல கருவிகளில் ஜாக்கைச் செருகியதுமே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடுகிறது. இரவு முழுக்கக் கேபிளைச் செருகியே வைத்திருந்தால் காலையில் இந்த நிலைதான். பேட்டரி போட்டு ஓடும் காலர் மைக்கும் எஃபெக்ட் பெடலும் இதே ரகம். கண்டென்சர் மைக் என்றால் மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவர் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். குறைந்த வோல்டேஜில் சில மைக்குகள் வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டே உச்சத்தில் திணறும்.

"ப" வரும் இடமெல்லாம் தொப் என்று அடிக்கிறது

வாயிலிருந்து வரும் காற்று மைக்கின் மெல்லிய தகட்டில் நேராக மோதுகிறது. பாப் ஃபில்டர் வையுங்கள், மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் மைக்கிலோ ப்ரீஆம்பிலோ இருந்தால் அதைப் பதிவு செய்யும்போதே போட்டுவிடுவது நல்லது. மென்பொருளில் பிறகு போட்டாலும் தொப் குறையும்தான், ஆனால் அந்த அடியில் ப்ரீஆம்ப் ஏற்கெனவே கிளிப் ஆகியிருந்தால் கரகரப்பு மிஞ்சிவிடும்.

சத்தமாக வைத்தால் நன்றாக இருக்கிறது, குறைத்தால்தான் கரகரக்கிறது

இது வந்தால் உற்சாகமாகிவிடுங்கள், ஏனென்றால் காரணங்கள் மிகக் குறைவு. பெரும்பாலான ஆம்ப்களில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தள்ளுகின்றன. ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கும் இடத்தில் சின்ன இடைவெளி விழுந்தால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மடிப்பு விழும். பெரிய அலையில் அந்த மடிப்பு தெரியாது. சின்ன அலையில் அதுவே பெரும்பகுதி. பயஸை, அதாவது டிரான்சிஸ்டர்களை எப்போதும் சற்றே விழிப்பில் வைக்கும் மின்னோட்டத்தை, சரிசெய்தால் போய்விடும். அது பழுதுபார்ப்பவர் வேலை.

இன்னொரு காரணம், ஆம்பின் ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்). அதன் தொடுமுனைகளில் கறை படிந்தால் சன்னமான ஒலி சரியாகக் கடக்காது. ஒரு பக்கம் மங்கலாக, கரகரப்பாகக் கேட்கும். ஒரு நொடி வால்யூமை ஏற்றினால் "படக்" என்று தெளிந்துவிடும், மறுபடி குறைத்ததும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். இந்த ஏற்றினால் தெளிகிற நடத்தை தெரிந்தால் ரிலே மேல் சந்தேகத்தை வைக்கலாம். குமிழைத் திருகும்போது மட்டும் சரசர என்றால் அது வெறும் தூசு. காண்டாக்ட் கிளீனரை அடித்துப் பல முறை முன்னும் பின்னும் திருகுங்கள்.

ஆனால் மூடியைத் திறக்கும் ஆசை வந்தால் ஒன்று. வால்வ் ஆம்பில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அந்த மின்னூட்டத்தை வைத்திருக்கும். பழக்கமில்லாதவர் கை வைக்க வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் கொரகொரக்கிறது

மின்சாரக் கோளாறு சுரம் பார்த்து வருவதில்லை, அலை பெரிதா சின்னதா என்றுதான் பார்க்கும். ஒரே சுரத்தில் மட்டும் வந்தால் எங்கோ ஒரு பொருள் அதிர்கிறது என்று அர்த்தம். 20 ஹெர்ட்ஸிலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சைன் அலையை ஓட்டுங்கள். கொரகொர வந்த இடத்தில் நிறுத்தி, அதே ஹெர்ட்ஸில் தொடர்ந்து ஒலிக்க விட்டு, அறையில் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள்: ஸ்பீக்கரின் முன்வலை, திருகாணிகள், மேசை, ஜன்னல் கண்ணாடி, மேலே வைத்த பேனா. எதில் கை வைத்தால் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பத்தில் ஆறு முறை ஸ்பீக்கர் நிரபராதியாக வெளியே வரும்.

எல்லாவற்றையும் பிடித்தும் நிற்கவில்லையென்றால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வூஃபர் (கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கூம்பின் நடுவைச் சுற்றி விரல்களைச் சம அழுத்தத்தில் வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். உரசும் ஒலி விரலில் உணர்ந்தாலே போதும், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கோணிவிட்டது. கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தையும் பாருங்கள். பழைய ஸ்பீக்கர்களில் அது தானாகவே பொடிந்து உதிரும். வளையத்தை மாற்ற முடியும், கோணிய காயிலுக்கு முழு டிரைவரையும் மாற்றுவதே வழக்கம்.

ஒற்றைச் சுரம் அழகாக இருக்கிறது, கார்டு (பல சுரம் சேர்த்து) வாசித்தால் சேறாகிறது

கித்தாரில் டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியை வேண்டுமென்றே உடைக்கும் பெட்டி) போடுபவர்கள் அறிந்த விஷயம், ஆனால் காரணம் பலருக்குத் தெரியாது. ஒரு சுற்று உடையும்போது மடங்குகளை மட்டும் சேர்ப்பதில்லை. இரண்டு சுரம் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலியாக வரும். 440 ஹெர்ட்ஸும் அதன் ஐந்தாம் சுரமான 659-ம் சேர்ந்தால் கழித்து வருவது 219. அது கிட்டத்தட்ட 440-இன் கீழ் ஸ்தாயி. அதனால்தான் மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் உள்ள பவர் கார்டு உடைந்த ஒலியில் அவ்வளவு கனமாக நிற்கிறது, வாசிக்காத ஒரு பேஸ் சுரம் இனாமாகக் கிடைக்கிறது. அதே 440-ஓடு மேஜர் மூன்றாம் சுரமான 554-ஐ வாசியுங்கள். கழித்தால் 114. இது 110-க்கும் 116.5-க்கும் நடுவில், கீபோர்டின் எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில் விழுகிறது. ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டினால் இப்படிப் பொருந்தாத ஒலிகள் கும்பலாக வரும்.

தீர்வு: கார்டுக்கு டிரைவை (உடைக்கும் அளவை) குறையுங்கள், அல்லது மூன்றாம் சுரத்தை இன்னொரு டிராக்கில் தனியாக வாசித்துப் பதியுங்கள். தனித்தனியாக உடைத்துப் பிறகு கலந்தால் அந்தக் கழித்தல் ஒலி வராது. முழு மிக்ஸையும் ஒரே சாச்சுரேஷன் பிளகினில் (மெல்லிய உடைவைச் சேர்க்கும் துணை மென்பொருளில்) அடைக்கும்போதும் இதே கதைதான்: பேஸ் டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் ஒரு கணம் கரகரக்கும்.

எல்லா உடைவும் விரட்ட வேண்டியதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1961-இல் வெளியான ஒரு பாடலை நாஷ்வில்லில் பதியும்போது மிக்சிங் கன்சோலின் ஒரு சேனல் பழுதாகி, பேஸ் கித்தார் ஒலி மொரமொரவென்று வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்த ஒலியைத் தரும் ஒரு சுற்றை உருவாக்க, 1962-இல் அது மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது.

சின்தசைசர் மேலே ஏறும்போது கூடவே ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது

இது டிஜிட்டலுக்கே உரிய வியாதி, அலியாசிங். நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் சாம்பிள் ரேட்டில் அதில் பாதி, 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் இடம். பிளகினுக்குள் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியை உடைத்தால் ஏழாம் மடங்கு 35,000. அதற்கு இடமில்லாததால் மடங்கி 13,000-இல் வந்து விழுகிறது. ஒன்பதாம் மடங்கான 45,000, மடங்கி 3,000-க்கு வருகிறது; மூல ஒலிக்கும் கீழே! சுரம் மேலே போகப் போக இந்த மடங்கிய ஒலி எதிர்த் திசையில் நகரும். பிளகினில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே மட்டும் சாம்பிள் ரேட்டைக் கூட்டி வேலை செய்வது) என்று இருந்தால் நான்கு மடங்கோ எட்டு மடங்கோ வையுங்கள். கணினி கொஞ்சம் மூச்சு வாங்கும், வேறு செலவில்லை.

டிக், டிக், படக்

இது டிஸ்டார்ஷனே இல்லை. கணினி நேரத்துக்கு வேலையை முடிக்காததால் விழும் ஓட்டை. பஃபரை, அதாவது கணினி ஒரே தவணையில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, கூட்டுங்கள். 48,000 ரேட்டில் 64 சாம்பிள் என்பது 1.3 மில்லி நொடி, 256 என்பது 5.3. பாடும்போது சிறிதாகவும் மிக்ஸ் செய்யும்போது 1,024 அளவுக்கும் வைத்துக்கொள்ளலாம். சீரான இடைவெளியில் டிக் விழுந்தால் இரண்டு டிஜிட்டல் கருவிகளின் கிளாக் (சாம்பிள்களுக்குத் தாளம் போடும் உள் கடிகாரம்) ஒத்துப்போகவில்லை. ஒன்றை மட்டும் தலைமையாக்கி மற்றதை அதன் பின்னால் ஓடவிடுங்கள். பாட்டு மொத்தமாகச் சுருதி ஏறி வேகமாக ஓடினால், 44,100-இல் பதிந்ததை 48,000-இல் ஓட்டுகிறீர்கள்; வேகம் 8.8 சதவீதம் கூடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறும்.

மிக்ஸில் சுத்தம், எம்பி3 ஆக்கியதும் கரகரப்பு

உச்சத்தை ஒரு எல்லையில் தடுக்கும் லிமிட்டரை 0-வில் வைத்திருப்பீர்கள். மீட்டர் சாம்பிள் புள்ளிகளை மட்டும் பார்க்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளையும் அலை 0-வைத் தாண்டலாம், சுருக்கப்பட்ட கோப்பாக மாறும்போது இன்னும் தாண்டும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள உச்சத்தையும் பார்க்கும் ட்ரூ பீக் லிமிட்டரை -1 டெசிபலில் நிறுத்துங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எப்படியும் ஒலியளவை ஏறத்தாழ -14 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) சமப்படுத்திவிடுவதால், அடித்து நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டு அங்கே சத்தமாகக் கேட்காது. நசுங்கியதாக மட்டும் கேட்கும்.

அரங்கில் கூட்டம் சேர்ந்ததும் ஆம்ப் உடைகிறது

மிக்சர் வெளியீட்டு மீட்டரைப் பாருங்கள். ஆம்பில் உள்ள குமிழைப் பாதியாக வைத்தால் ஆம்ப் பாதுகாப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. அந்தக் குமிழ் உள்ளீட்டைத்தான் குறைக்கிறது, ஆம்பின் எல்லையை அல்ல. சத்தம் போதாமல் மிக்சரை ஏற்றுவீர்கள், ஆம்ப் நிரம்புவதற்கு முன்னால் மிக்சர் உடைந்துவிடும். மிக்சர் சிவப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போதே ஆம்பின் கிளிப் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும்படி இரண்டையும் பொருத்துங்கள்.

ஆம்பே உடைகிறது என்றால் அவசரம். முழுதாகத் தட்டையான அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு சக்தியைச் சுமக்கிறது. பேஸ் ஏற்கெனவே முட்டி நிற்பதால், மேலும் ஏற்றும்போது கூடுவதெல்லாம் உயர் ஒலியாகத்தான், அதற்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போய்ச் சேரும். ட்வீட்டர் எரிவது இப்படித்தான். ஸ்பீக்கர் கணக்கையும் பாருங்கள்: 8 ஓம் பெட்டி இரண்டை இணையாகச் செருகினால் 4 ஓம், நான்கு என்றால் 2 ஓம். 4 ஓம் வரைதான் என்று எழுதிய ஆம்பில் நான்கு பெட்டியைத் தொங்கவிட்டால் அது சூடாகி, உடைந்து, கடைசியில் தானே அணைந்துகொள்ளும். வால்வ் ஆம்பை மட்டும் ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டிவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ம்ம்ம் என்று அடியில் ஓடுகிறது

மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம். பெரும்பாலும் எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆகி, அந்த வளையத்தில் மின்சாரம் ஓடுவது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் வரிசையில் செருகுங்கள், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைத்து அவற்றின் எர்த்தைப் பிரிக்கும் பெட்டி) போடுங்கள். எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகுவது ரீங்காரத்தை நிறுத்தும், சில சமயம் மைக்கில் வாய் வைத்த ஆளையும் நிறுத்தும். அதைச் செய்யவே கூடாது.

மைக்கைத் திறந்ததும் ஹெட்ஃபோன் ஒலி டெலிஃபோன் மாதிரி ஆகிறது; அல்லது குரல் மட்டும் காணவில்லை

முதலாவது புளூடூத். ஹெட்செட் மைக்கை இயக்கியதும் பெரும்பாலானவை இசைக்கான இணைப்பை விட்டுவிட்டு, பேச்சுக்கான குறுகிய மோனோ இணைப்புக்குத் தாவும். பதிவுக்குக் கம்பி ஹெட்ஃபோன்தான். இரண்டாவது, ஸ்டீரியோ வெளியீட்டை ஒரு பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகியது. அந்த உள்ளீடு இடதிலிருந்து வலதைக் கழிக்கும், இரண்டிலும் பொதுவாக நடுவில் இருக்கும் குரல் கழிந்து போய்விடும். ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் கேபிள் போட்டால் தீர்ந்தது.

டேக் முடிந்துவிட்டது, பாடகர் போய்விட்டார், கிளிப் ஆகியிருக்கிறது

டி-கிளிப் மென்பொருள்கள் தட்டையான உச்சிக்கு இருபுறமும் உள்ள வளைவைப் பார்த்து, காணாமல் போன பகுதியை ஊகித்து வரையும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உச்சிகள் என்றால் வியக்கும்படி சரியாகும். முதலில் டிராக்கை 6 டெசிபலாவது இறக்கிவிட்டு ஓட்டுங்கள், புதிதாக வரையும் உச்சிக்கு இடம் வேண்டுமே. ஒரு வரி முழுக்க உடைந்திருந்தால் அந்த வரியை வேறு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டுவதுதான் கௌரவமான வழி. வேறு டேக்கும் இல்லை என்றால், 3,000-த்திலிருந்து 6,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் கித்தாரையோ கோரஸையோ சற்றே ஏற்றிவிடுங்கள்.